பத்து டிப் மஞ்சள்

என் பல்லைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கவனித்து, கவனிக்காத மாதிரி கண்ணைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்காது. முன்பற்கள் மஞ்சள். குறுக்கே பழுப்புக் கோடு. எந்தப் பற்பசைக்கும் அசையாது. ஏரியூர்ப் பக்கம் எங்கள் ஊரில் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் பலருக்கும் இப்படித்தான். தண்ணீரில் புளோரைடு அதிகம். பால் பல் விழுந்து அடுத்த பல் முளைப்பதற்குள் ஈறுக்குள்ளேயே கறை பிடித்துவிடும். நான் தொடக்கப் பள்ளியில் படிக்கும்போதுதான் ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. ஊருக்கு நல்லது நடந்தது, என் பல்லுக்கு நேரம் கடந்துவிட்டது. எனக்குப் பிறகு பிறந்த தம்பி வெள்ளைப் பல்லோடு ஈ என்று இளித்துக்கொண்டு திரிவான். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

குழாய் வந்த பிறகு எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு இரண்டு பெயர். போரில் வருவது உப்புத் தண்ணி. ஒகேனக்கல்லில் இருந்து வருவது நல்ல தண்ணி. “நல்ல தண்ணி வந்துச்சா?” என்று கேட்டால் குழாயில் காவிரித் தண்ணீர் வந்ததா என்று பொருள். வேறு எந்தப் பொருளும் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடையில் எல்லாம் கெட்டுப்போனது இந்த இரண்டு சொல்லால்தான்.

தர்மபுரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தேன். கோடை விடுமுறையில் ஆராய்ச்சி செய்ய எங்கள் துறையிலிருந்து இரண்டு பேரை எடுத்தார்கள். ஒருத்தி நான். இன்னொருத்தி தர்மபுரி டவுன்காரி, ஆங்கில வழியில் படித்தவள், மிட்டாய்க்கடை விளம்பரத்துக்குப் போகலாம் போன்ற பல்வரிசை. விலை குறைந்த குவாண்டம் டாட் சூரிய மின்கலம் செய்வது எங்கள் வேலை. கோடை முடிந்ததும் வெளியூர் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று சேலத்தில் கூட்டம் நடத்தும். எல்லாக் கல்லூரிகளும் போய்ச் செய்ததைச் சொல்ல வேண்டும். ஒரு குழுவுக்கு ஒருவர்தான் மேடையில் பேசலாம். நன்றாகப் பேசுகிறவர்களை அந்த நிறுவனம் அடுத்த ஆண்டு எம்.எஸ்ஸி. நேர்காணலுக்கு நேரடியாகக் கூப்பிடும்.

எனக்கு அந்த மேடை வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தக் கோடையில் வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அது தவறினால் பென்னாகரத்தில் ஏதாவது பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போக வேண்டும். அதுவும் தவறினால் பெண் பார்க்க வருவார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் மாடு வாங்க வந்தவர்களைப் போல முதலில் வாயைத்தான் பார்ப்பார்கள்.

எங்களுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கொரியாவில் சில ஆண்டுகள் ஆராய்ச்சி செய்துவிட்டு வந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். திட்டுகிறவர்களைத் திருப்பித் திட்டி எனக்குப் பழக்கம் உண்டு. இவர் தலையைச் சாய்த்து, மெதுவாக, அக்கறையோடு பேசுவார். அந்த அக்கறையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முதல் நாள் செய்முறையைக் காட்டினார். மின்சாரம் கடத்தும் கண்ணாடித் துண்டின் ஓரங்களில் செலோ டேப் ஒட்டி, நடுவில் டைட்டானியம் ஆக்சைடு பசையைக் கண்ணாடிக் குச்சியால் இழுத்துத் தடவ வேண்டும். சுட்டால் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும். அதற்குப் பிறகுதான் முக்கிய வேலை. அந்தக் கண்ணாடியைக் காட்மியம் கரைசலில் முக்கி எடுத்து, அலசி, சல்பைடு கரைசலில் முக்கி எடுத்து, மறுபடி அலச வேண்டும். இது ஒரு டிப். ஒவ்வொரு டிப்புக்கும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் புள்ளிகள் வெள்ளைமேல் வளரும். அந்தப் புள்ளிகள்தான் குவாண்டம் டாட். டிப் ஏற ஏற மஞ்சள் ஏறும். எலுமிச்சை மஞ்சளில் தொடங்கி, பத்து டிப் வரும்போது அழுத்தமான மஞ்சளாகிவிடும்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த என் கூட்டாளி கண்ணாடியைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள்.

“ஏன்டி, உனக்கு எத்தன டிப்பு? பத்து இருக்குமா?”

சார் சிரித்துவிட்டார். உடனே உதட்டைக் கடித்துக்கொண்டு, “ச்சே, அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா” என்றார். ஆனால் சிரித்தது சிரித்ததுதான். அன்றிலிருந்து என் பெயர் பத்து டிப். வேதியியல் துறைக்குக் கரைசல் வாங்கப் போனால் அங்கேயும் பத்து டிப். கேண்டீனில் டீ ஊற்றுகிறவர்கூட ஏன் என்று தெரியாமலே “பத்து டிப்புக்கு ஒரு டீ” என்று குரல் கொடுத்தார். நானும் சும்மா இருக்கவில்லை. அவள் பசை தடவிய கண்ணாடியை எல்லாம் எடுத்துப் பார்த்து, “இதென்ன, சொவத்துக்கு வெள்ளை அடிச்சியா, வரட்டி தட்டுனியா?” என்பேன். அவளுக்குக் கை ஓடாது. சல்பைடு அழுகின முட்டை நாற்றம் நாறும், அவள் துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு சன்னல் பக்கம் போய்விடுவாள். முக்கி எடுக்கிற வேலை முழுக்க என் தலையில் விழுந்தது.

ஒருமுறை என் கையுறை கிழிந்து காட்மியம் கரைசல் விரலில் பட்டுவிட்டது. நஞ்சு. நான் பதறிப்போய்க் குழாயடிக்கு ஓடினேன். சார் பின்னாலேயே வந்து நின்றார்.

“உனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. சின்ன வயசுலேர்ந்தே இந்த மாதிரி தண்ணி குடிச்சு வளர்ந்த உடம்பு.”

வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

கலம் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. மொட்டை மாடியில் கொளுத்துகிற வெயிலில் வைத்து மீட்டரை மாட்டினால் எண் கொஞ்சம் துடித்துவிட்டுப் படுத்துவிடும். மஞ்சள் சீராக ஏறவில்லை. தேமல் விழுந்த மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. போகப் போகக் காட்மியம் கரைசலும் கலங்கி, அடியில் வெள்ளையாக ஏதோ தங்கியது. வாரங்கள் ஓடின. சார் ஒவ்வொரு கண்ணாடியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்புவார்.

“சுத்தம் வேணும்மா. இது வீட்டு வேலை இல்ல. நீ வர்ற எடத்துல அதெல்லாம் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க, அது உன் தப்பு இல்ல.”

என் தப்பு இல்லையாம். எங்கள் அம்மா விடியும் முன்னே வீடு வாசல் கூட்டித் தெளித்துவிட்டுத்தான் கேழ்வரகுக் காட்டுக்குப் போவாள். அவள் தேய்த்து வைத்த பாத்திரத்தில் முகம் தெரியும். அதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தால் அவர் கண் என் கண்ணைப் பார்க்காமல் பல்லுக்குப் போய்விடும் என்று தெரியும். மூடிக்கொண்டேன்.

காரணம் என்னிடம்தான் சிக்கியது. அலசி வைத்த கண்ணாடி ஒன்று ஓரமாகக் காய்ந்து கிடந்தது. அதன்மேல் சொட்டு நின்ற இடத்தில் எல்லாம் வெள்ளை வளையம். எங்கள் வீட்டில் வெந்நீர் வைக்கிற குண்டானின் உள்பக்கம் இதே வெள்ளைதான் ஏடு கட்டியிருக்கும். ஒரு துளி அமிலத்தை வளையத்தின்மேல் விட்டேன், நுரைத்துக் காணாமல் போனது. கார்பனேட். தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு உப்பு. கலங்கின காட்மியம் கரைசலின் அடியில் தங்கியிருந்த வெள்ளையும் அமிலம் பட்டதும் நுரைத்தது. நாங்கள் அலசுகிற தண்ணீரே ஒவ்வொரு டிப்பிலும் காட்மியத்தோடு சேர்ந்து வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

“சார், நாங்க எந்தத் தண்ணியில அலசணும்?” என்று போய்க் கேட்டேன்.

“அதான் முதல் நாளே சொன்னேனே, நல்ல தண்ணியில அலசுங்கன்னு.”

“நல்ல தண்ணியிலதான் சார் அலசறோம்.”

“எங்கேருந்து எடுக்கறீங்க?”

“கொழாய்ல சார். ஒகேனக்கல் தண்ணி.”

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அவருக்கு நல்ல தண்ணீர் என்றால் காய்ச்சி வடித்த தண்ணீர். கொரியாவில் ஆய்வகக் குழாயைத் திறந்தாலே அதுதான் கொட்டுமாம். எங்கள் கல்லூரியில் வடிக்கிற கருவி கம்பி எரிந்து மூலையில் கிடந்தது அவருக்குத் தெரியாது. எங்களுக்கோ ஒகேனக்கல் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் ஒன்று உலகத்தில் உண்டு என்றே தோன்றவில்லை. டவுன்காரிக்கும் தோன்றவில்லை, அவளும் இந்த மாவட்டத்துக்காரிதானே. ஊருக்கே பல்லைக் காப்பாற்றிய தண்ணீர், கண்ணாடிக்கு ஆகாது என்று யார் நினைப்பார்கள்?

மறுநாள் அதியமான்கோட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, நெடுஞ்சாலை ஓரம் லாரி பேட்டரிக் கடையில் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கிக்கொண்டு போனேன். அதில் அலசினேன். மஞ்சள் ஒரே சீராக ஏறியது. பத்து டிப் போட்டு, நடுவில் எலக்ட்ரோலைட் கரைசலை விட்டு மின்கலமாக மூடி, மாடிக்கு எடுத்துப்போய் மீட்டரை மாட்டினேன். எண் ஏறி நின்றது. வெயிலைக் கையால் மறைத்தால் இறங்கியது, எடுத்தால் ஏறியது. நான் பைத்தியம் மாதிரி மறைத்து மறைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த மாடியில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கூட்டத்துக்கு முந்தின வாரம் சார் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவள் பேசட்டும் என்றார்.

“கலத்த செஞ்சது நான் சார்.”

“தெரியும்மா. செய்யறது ஒரு திறமை, எடுத்துச் சொல்றது ஒரு திறமை.”

“சொல்லிக் காட்டவா சார்? இப்பவே சொல்றன்.”

அவர் தலையைச் சாய்த்தார். அந்தச் சாய்ப்பைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

“உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நீ பேசினா அவங்க என்ன பேசறன்னு கவனிக்க மாட்டாங்க. வேற எதையோ பார்ப்பாங்க. அந்த அவமானம் உனக்கு வேணாம். நீயும் வா, பக்கத்துல நில்லு. மாஸ்க் போட்டுக்க, சளின்னு சொல்லிக்கலாம்.”

கூட்டாளி தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெளியே வந்ததும், “நான் என்னாடி பண்ணட்டும், சார் சொல்றாரு” என்றாள். அப்புறம், “அந்த எலக்ட்ரோலைட்டு மேட்டர மட்டும் எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு” என்றாள். சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுக்கும்போது அவள் திறந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், அத்தனை வெள்ளை.

மாஸ்க் எனக்குப் புதிதில்லை. கொரோனா காலத்தில் ஊரெல்லாம் மூச்சு முட்டுகிறது என்று அழுதபோது, நான் மட்டும் அது தொடர வேண்டும் என்று சாமி கும்பிட்டவள். சேலத்தில் குளிரூட்டிய அந்த அறையில் மாஸ்க்கோடு அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் நன்றாகத்தான் பேசினாள். நான் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அவள் வாயில் அழகாக வந்தது. கடைசியில் திரையில் ஒரு ஸ்லைடு வந்தது. முதலில் செய்த கலங்கள் ஏன் தோற்றன என்று காரணம் போட்டிருந்தது. உள்ளூர்த் தண்ணீரில் உள்ள புளோரைடு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சாரிடம் கார்பனேட் என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தர்மபுரி என்றால் புளோரைடு, கேட்கிறவர்களுக்குச் சுவையாக இருக்கும் என்று மாற்றிவிட்டார் போலிருக்கிறது. நாங்கள் அலசியது ஒகேனக்கல் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்ததே புளோரைடு தொல்லை போகத்தான். எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

கேள்வி கேட்க நடுவில் உட்கார்ந்திருந்த மதிப்பீட்டாளர் வயதானவர், தமிழ்க்காரர். “புளோரைடுதான்னு எப்படி உறுதியா சொல்றீங்க?” என்று கேட்டார். கூட்டாளி சாரைப் பார்த்தாள். சார், “அது ரொம்பத் தெரிஞ்ச பிரச்சினை சார், அந்த ஏரியா முழுக்க” என்றார்.

நான் கையைத் தூக்கினேன்.

“அது புளோரைடு இல்லைங்க சார்.”

மாஸ்க்குக்குள் அது முணுமுணுப்பாகத்தான் வந்தது. மதிப்பீட்டாளர் காதில் கை வைத்தார்.

“கேக்கலம்மா. மாஸ்க்க எடுத்துட்டு சத்தமா சொல்லு.”

சார் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார், வேண்டாம் என்று. நான் மாஸ்க்கைக் கழற்றினேன். சத்தமாகவே சொன்னேன். அலசியது காவிரித் தண்ணீர், அதில் புளோரைடு தொல்லை கிடையாது, காய்ந்த வளையத்தில் அமிலம் விட்டால் நுரைக்கிறது, புளோரைடாக இருந்தால் நுரைக்காது, அது கார்பனேட், காட்மியத்தோடு அதுதான் சேர்ந்தது. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அந்தக் கோடை முழுக்க வாய்க்குள் அடைத்து வைத்திருந்தது எல்லாம் வரிசையாக வெளியே வந்தது.

மதிப்பீட்டாளர் நான் சொன்னதைக் கேட்கவில்லை. திரையில் இருந்த புளோரைடு என்ற சொல்லைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் கேலி இல்லை. கண்டுபிடித்துவிட்டவரின் பிரியம்தான் இருந்தது.

“நீ அந்த ஊர்ப் பொண்ணாம்மா?”

“ஆமாங்க சார்.”

“அப்புறம் ஏம்மா இல்லைங்கற? உன் பல்லே சொல்லுதே, புளோரைடுன்னு.”

அறை சிரித்தது. பெரிய சிரிப்பு இல்லை, மரியாதையான சிரிப்பு. சாரும் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். கூட்டாளி கையால் வாயை மூடிக்கொண்டாள், அந்தப் பல்லை வைத்துக்கொண்டு அவள் எதற்கு மூடினாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நான் சொன்னது சரி. என் வாயே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. மாஸ்க்கை மறுபடி மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன்.

திரும்பி வரும் வேனில் சார் முன்சீட்டிலிருந்து திரும்பி, “நான் சொன்னேன்ல? அதையேதான் பாத்தாங்க” என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். தொப்பூர்க் கணவாய் தாண்டும் வரைக்கும் நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, அவருக்கு அத்தனை பல்லும் ஒவ்வொன்றாகச் சொத்தையாகி விழ வேண்டும் என்று சாபம் விட்டுக்கொண்டு வந்தேன்.

கூட்டாளிக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. எனக்கு வரவில்லை. மூன்றாம் ஆண்டு முழுக்க இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்தோம். அவள் பத்து டிப் என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. பிரியமாகத்தான் கூப்பிட்டாள்.

நேர்காணலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மத்தியானம் போன் வந்தது. நான் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில், ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கேட்டுவிட்டு, ஊர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

“ஏ பத்து டிப்பு, ஒரு டவுட்டுடி. இன்டர்வியூல தண்ணி கெமிஸ்ட்ரி மேடம் ஒருத்தங்க உக்காருவாங்களாம். போன வருஷ ப்ராஜெக்டதான் நோண்டுவாங்களாம். அந்த மொத செல்லெல்லாம் ஏன்டி போச்சு?”

“ஏன், சார் போட்டாருல்ல ஸ்லைடுல.”

“நீ அன்னிக்கு வேற என்னமோ சொன்னியேடி, நுரை வருது, கார்பனேட்டுன்னு. எனக்கு ஒண்ணுமே மண்டையில ஏறல. நீதான எல்லாம் செஞ்ச, உனக்குத்தான் தெரியும். சார் சொன்னது கரெக்டா, நீ சொன்னது கரெக்டா?”

எங்கள் ஊர் பஸ் உள்ளே நுழைந்து நின்றது. ஜனங்கள் இடம் பிடிக்க ஓடினார்கள். நான் ஓடவில்லை. வேலை கேட்கப் போனபோது மாட்டியிருந்த மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, நிதானமாகப் பேசினேன்.

“சார் சொன்னதுதான்டி கரெக்ட்டு. புளோரைடு.”

“நெசமாவா? பாத்துச் சொல்லுடி, என் லைஃபே இதுல இருக்குது.”

“என் பல்லு மேல சத்தியம்டி.”